தட்டத்தில் வைத்த வெள்ளைத் துணி

கொட்டாஞ்சேனை,
13 டிசம்பர் 1943

மதிப்புக்குரிய அருள்நாயகி டீச்சர் அவர்களுக்கு,

ஆறாம் வகுப்பு ரபீக்காவின் வாப்பா, குடை திருத்தும் மீரா சாஹிப் எழுதிக்கொள்வது. வெள்ளவத்தையில் தாங்களும் தங்கள் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். அந்த ஐந்தாம் வகுப்பிலும் பாதி நாள் கதவுக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டவன்.

சங்கதி இதுதான். வருஷக் கடைசியில் பிள்ளைகள் வீட்டில் செய்த பலகாரத்தை டீச்சர்மாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது உங்கள் பாடசாலையில் வழக்கம் என்று ரபீக்கா போன வருஷமே சொன்னாள். பறங்கிப் பிள்ளைகள் கேக் கொண்டுவந்தார்களாம், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பயற்றம் பணியாரம் கொண்டுவந்தார்களாம், நம்முடையவள் மட்டும் வெறுங்கையாம். இந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளும் பாடசாலை விடுமுறையும் ஒரே கிழமையில் வந்து விழுந்தன. என் மனைவி பலீலா யுத்தக் கூப்பனுக்குக் கிடைக்கும் சீனியை என் கண்ணில் காட்டாமல் ஒளித்துச் சேர்த்தாள். நான் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தேன். ஒரு பல் ஆடுகிறது. அது வேறு கதை.

தொதல் கிண்டியது நான். அப்படிச் சொன்னால் பலீலா ஒத்துக்கொள்ள மாட்டாள். "அகப்பையப் புடிச்சிக்கொண்டு நின்ற, அவ்வளவுதான்" என்பாள். எப்படியோ என் முழங்கையில் இன்னும் கொப்புளம் இருக்கிறது. தொதல், மஸ்கட், பனியம், அச்சுப் பலகாரம், நடுவில் ஒரு கிண்ணம் வட்டிலப்பம் என்று தட்டம் நிறைய அடுக்கி, பின்னல் துணியால் மூடிக் கட்டி, வெள்ளிக்கிழமை காலை ரபீக்கா இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனாள். நான் பின்னால் குடை பிடித்துக்கொண்டு போனேன். வெயிலுக்காக அல்ல, காகத்துக்காக.

அன்றைக்கு மாலையே உங்கள் பாடசாலைக் காவல்காரன் அந்தத் தட்டத்தை என் கடைக்குக் கொண்டுவந்து வைத்தான். "மிஸ் எபா கிவ்வா" என்று சிங்களத்தில் சொன்னான். வேண்டாம் என்று சொன்னீர்களாம். முடிச்சு அவிழ்த்து மறுபடி கட்டப்பட்டிருந்தது. உள்ளே ஒரு துண்டுகூடக் குறையவில்லை.

டீச்சர், எங்கள் வீட்டுப் பலகாரச் சட்டி தனி. அதில் இறைச்சி சமைப்பதில்லை. அது சந்தேகமாக இருந்தால் அந்தச் சந்தேகம் வேண்டாம். இனிப்பு ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் சொல்லியிருக்கலாம். இல்லை, என் முகம்தான் பிழை என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. குடையாக இருந்திருந்தால் கம்பியாவது மாற்றியிருப்பேன்.

தாங்களும் அக்காவும் மட்டும் இருக்கும் வீட்டுக்கு நான் வந்து நிற்பது அழகல்ல. அதனால் தபாலில் கேட்கிறேன். என்ன குறை வைத்தோம் என்று ஒரு வரி எழுதினால் போதும். பிள்ளை அன்றிலிருந்து சரியாகப் பேசுகிறாளில்லை.

இப்படிக்கு,
மீரா சாஹிப்


வெள்ளவத்தை,
15 டிசம்பர் 1943

திரு. மீரா சாஹிப் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பலகாரத்தில் குறை ஒன்றும் இல்லை. செய்த கைகளிலும் இல்லை. காவல்காரனிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பியது மரியாதையல்ல, அதற்கு வருந்துகிறேன். திருப்பி அனுப்பியதற்கு வருந்தவில்லை.

நான் இந்தப் பாடசாலையில் படிப்பிக்க வந்த இரண்டாம் வருஷம், உம்மு குல்தூம் என்று ஒரு மாணவி இருந்தாள். கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. டிசம்பர் மாதம் ஒரு தட்டம் கொண்டுவந்தாள். இதே பலகாரங்கள். பலகாரத்துக்கு அடியில் நாலாக மடித்த புது வெள்ளைத் துணி. "ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, ஒரு துண்டை என் வாயில் வையுங்கள் டீச்சர்" என்றாள். அப்படியே செய்தேன். எனக்கு அது வேடிக்கையாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தத் துணியில் ஒரு சட்டை தைத்தேன். ஜனவரியில் அதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனபோது அவளுடைய இடம் வெறுமையாக இருந்தது. "அவள் படிச்சி முடிச்சிட்டாள், நீங்கள்தானே விடை குடுத்தீங்க" என்று அவள் வீட்டார் சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஹப்ஸா. மறுபடியும் தட்டம், மறுபடியும் துணி. அப்போது எனக்கு விளங்கியது. ஆனால் அந்தப் பிள்ளை தட்டத்தை ஏந்திக்கொண்டு என் முன்னால் நிற்கும்போது எப்படி வேண்டாம் என்பது? சாப்பிட்டேன். ஜனவரியில் அவளும் இல்லை.

வெள்ளிக்கிழமை உங்கள் மகள் கொண்டுவந்த தட்டத்தை அவிழ்த்தேன். துணி இருந்தது. மூன்றாவது தட்டத்தைச் சாப்பிட என்னால் முடியாது.

இராணுவத்தார் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியை எடுத்துக்கொண்டதால், வருகிற வருஷம் ஏழாம் வகுப்பில் குறைந்த பிள்ளைகளுக்கே இடம். முகத்துவாரத்து இராமலெட்சுமி என்ற பிள்ளை இடமில்லாமல் காத்திருந்தாள். ரபீக்காவின் இடத்தை அவளுக்குக் கொடுக்கும்படி வெள்ளிக்கிழமையே தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன்.

ரபீக்கா எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அருள்நாயகி


கொட்டாஞ்சேனை,
17 டிசம்பர் 1943

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் எழுத்துக் கூட்டி, இரண்டாம் தரம் அர்த்தம் தேடி, மூன்றாம் தரம் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு.

டீச்சர், அல்லாஹ்வின் பேரில் சொல்கிறேன், நான் அனுப்பியது நன்றிக்குத்தான். துணி இருந்தது எனக்குத் தெரியாது. பலீலா தட்டத்தை அடுக்கிக் கட்டும்போது நான் குசினி வாசலில் உட்கார்ந்து தொதல் சட்டியைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தேன். இந்த வயதிலும் சட்டியைச் சுரண்டுகிற ஆளுக்கு வீட்டில் நடப்பது என்ன தெரியப்போகிறது?

எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை குர்ஆனை ஓதி முடித்தால், ஓதிக்கொடுத்த லெப்பைக்குப் பலகாரத் தட்டம் போகும். அடியில் வெள்ளைத் துணி. லெப்பை ஒரு துண்டை எடுத்துத் தின்று, ஒரு துண்டைப் பிள்ளையின் வாயில் வைப்பார். அதோடு விடை. மறுநாளிலிருந்து பிள்ளை அங்கே போகாது. ரபீக்கா ஓதி முடித்தபோதும் அனுப்பினோம். அதையே பாடசாலைக்கும் செய்வார்கள் என்று நான் கேள்விப்பட்டதில்லை. பெண்கள் பக்கத்தில் அது நடப்புத்தான் என்று இப்போது தெரிகிறது.

நேற்றுச் சோறு வைக்கும்போது பலீலாவிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"நான்தான் வெச்ச. என்ன இப்ப?"

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க பகிடி விடுவீங்க. பகிடி விட்டுப்போட்டு எழும்பிப் போயிடுவீங்க. எப்ப நீங்க ஒரு விஷயத்த ஓம், இல்ல எண்டு சொன்ன?"

நான் பகிடியாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பிறகு சோற்றை வைத்து அடைத்துக்கொண்டேன்.

"பன்னெண்டு வயசாகுது" என்றாள். "கொச்சிக்கட ரோட்டு நெடுக வெள்ளப் பட்டாளம், கறுத்தப் பட்டாளம். லொறியிலிருந்து கூக்காட்டுறாங்க. நீங்க கடையில குந்திக்கொண்டு இருப்பீங்க. நான் இவள் வாற வரைக்கும் ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கொண்டு நிக்கிற. எண்டைக்கோ நிப்பாட்டத்தானே போற. அழுது கத்தி நிப்பாட்டாம, மரியாதையா ஒரு தட்டத்தோட நிப்பாட்டினா என்ன?"

பிறகு ரபீக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"துணி இருந்தது உனக்குத் தெரியுமா மகள்?"

"தெரியும் வாப்பா."

"தெரிஞ்சும் ஏந்திக்கொண்டு போனியா? ஏன் ஒண்டும் சொல்லல்ல?"

"நீங்களும் உம்மாவும் சேந்துதான் அனுப்பின எண்டு நெனச்ச. நீங்க பின்னால குடை புடிச்சிக்கொண்டு வந்தீங்கதானே?"

இதைப் பகிடியாக எழுத எனக்கு வழி தெரியவில்லை.

டீச்சர், அந்த இடத்தைத் திருப்பித் தர முடியுமா? பலீலா நல்லவள், கொஞ்சம் கொஞ்சமாக மசிந்து வருவாள். நானும் தொதல் மாதிரித்தான், கிண்டக் கிண்ட இறுகுவேன். இப்போதைக்கு அந்த இடத்தை யாருக்கும் உறுதியாகக் கொடுத்துவிடாமல் வைத்திருங்கள். பிறகு பார்ப்போம்.

இப்படிக்கு,
மீரா சாஹிப்


வெள்ளவத்தை,
20 டிசம்பர் 1943

திரு. மீரா சாஹிப் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். சட்டி சுரண்டிய இடத்தில் சத்தமாகச் சிரித்தாள். பிறகு, "எல்லாம் சரி, பிள்ளையை அனுப்புவாரா, மாட்டாரா? அது எந்த இடத்தில் எழுதியிருக்கு?" என்று கேட்டாள். நானும் தேடினேன். எந்த இடத்திலும் இல்லை. "பிறகு பார்ப்போம்" என்று இருக்கிறது.

முதலில் என் பிழை. துணியைக் கண்டதும் உங்களை அழைத்துக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. உம்மு குல்தூமின் வீட்டார் மேல் இருந்த கோபத்தையும் ஹப்ஸாவின் வீட்டார் மேல் இருந்த கோபத்தையும் சேர்த்து உங்கள் மகளின் இடத்தில் தீர்த்தேன். அன்றைக்கு மாலையே தலைமை ஆசிரியையிடம் போய் நின்றதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் இராமலெட்சுமிக்குக் கொடுத்த இடத்தைப் பறிக்க மாட்டேன். அவளுடைய தகப்பன் மீன் கூடையோடு நேராகப் பாடசாலைக்கு வந்து, காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவேன் என்று குழாயடியில் நின்றார். அவரிடம் போய் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

தலைமை ஆசிரியையை ஞாயிற்றுக்கிழமை போய்க் கண்டேன். பிள்ளைகள் இருக்கும் வாங்குகளில் இடமில்லை. ஆனால் பிள்ளை வீட்டிலிருந்து ஒரு முக்காலி கொண்டுவந்தால் என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்கிறார். ஒரு நிபந்தனை. எஸ்.எஸ்.ஸி. சோதனை எழுதும் வரையில் அவளை நிறுத்த மாட்டேன் என்று தகப்பன் கையெழுத்து வைத்து எழுதித் தர வேண்டும். பாதியில் வெறுமையாகப் போகும் இடத்துக்காக இன்னொரு பிள்ளையை வாசலில் நிறுத்தி வைக்க முடியாது என்கிறார். அது நியாயம்.

உங்கள் மகளைப் பற்றி உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். நீண்ட பிரித்தல் கணக்கை அவள் நான் சொல்லிக்கொடுத்த மாதிரிச் செய்வதில்லை. முதலில் விடை இவ்வளவு இருக்கும் என்று ஊகித்து ஓரத்தில் எழுதுகிறாள். பிறகு அதைப் பெருக்கிப் பார்த்துத் திருத்திக்கொண்டு வருகிறாள். இரண்டு மாதம் அவளோடு சண்டை பிடித்தேன். ஒருநாள், "டீச்சர், உங்கட வழியில போனா நான் எங்க போறன் எண்டு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாதே" என்றாள். அதற்குப் பிறகு சண்டை பிடிப்பதை விட்டுவிட்டேன்.

பாடசாலை ஜனவரி பத்தாம் திகதி திறக்கும். எனக்குப் பகிடி எழுத வேண்டாம். அந்த ஒரு வசனத்தை எழுதுங்கள். முடியாதென்றால் முடியாது என்று எழுதுங்கள்.

அருள்நாயகி


கொட்டாஞ்சேனை,
23 டிசம்பர் 1943

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

அந்த வசனத்தை எழுத உட்கார்ந்தேன். "என் மகள் ரபீக்காவை" என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா போகவில்லை. கடையில் ஒரு துரையின் குடை காத்திருந்தது, அதைத் திருத்தினேன். திரும்பி வந்து பார்த்தேன். "என் மகள் ரபீக்காவை" என்று அப்படியே இருந்தது.

ஏன் என்று எழுதிவிடுகிறேன். எனக்கு அவள் படிக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் ஆசைப்படுவதற்கு எனக்குச் செலவொன்றும் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் பலீலா. பெண்கள் கூடும் வீடுகளில், "உங்கட மகள் இன்னம் ரோட்டாலயா போறாள்?" என்று கேட்டால் பதில் சொல்பவள் பலீலா. நான் கையெழுத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன். அவளுக்குச் சொல்லாமல் வைக்கும் கையெழுத்து, அவள் எனக்குச் சொல்லாமல் வைத்த துணி மாதிரித்தானே?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தட்டம் தொடாமல் திரும்பி வந்ததிலிருந்து பலீலா சரியாகச் சாப்பிடுவதில்லை. முதலில் அவமானம் என்று நினைத்தேன். அது அல்ல. வாத்தியார் தட்டத்தைத் திருப்பினால் விடை கொடுக்கவில்லை என்று அர்த்தமாம். விடை இல்லாமல் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் படிப்பித்தவரின் பொருத்தம், அதாவது மனப்பூர்வமான சம்மதம், இல்லாமல் போய்விடுமாம். அது பிள்ளைக்கு ஆகாதாம். தான் அனுப்பிய தட்டத்திலேயே இப்போது மாட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் சிரிக்கவில்லை, டீச்சர். அவள் முகத்தைப் பார்த்தால் நீங்களும் சிரிக்க மாட்டீர்கள்.

நேற்று நான் உங்கள் கடிதத்தில் இருந்ததை அவளிடம் சொன்னேன். அடுப்புச் சாம்பலை அள்ளி முடித்தாள். பிறகு தன்னுடைய கதையைச் சொன்னாள். கல்யாணம் முடித்து இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாத கதை. அவளும் மருதானையில் ஒரு சின்னப் பாடசாலைக்குப் போனவளாம். எட்டு வயது. ஒருநாள் அவளுடைய உம்மா தட்டம் கட்டிக் கொடுத்தாவாம். அடியில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. தலையில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போனாளாம். டீச்சரம்மா ஒரு துண்டை வாயில் வைத்தாவாம். வீட்டில் எல்லாரும் முத்தம் கொடுத்தார்களாம்.

"அடுத்த நாள் காலையில வெள்ளனவே எழும்பி உடுத்திக்கொண்டு, சிலேட்டையும் எடுத்துக்கொண்டு வாசல்ல நின்ற. ஒத்தரும் கூட்டிப்போக வரல்ல. உம்மா உள்ளுக்கிருந்து, வந்து அரிசி பொறுக்கு மகள் எண்டு கூப்பிட்டா."

"பிறகு?"

"பிறகென்ன? அரிசி பொறுக்கின. நான் அழல்லயே. எல்லாருக்கும் நடக்கிறதுதானே."

சொல்லிவிட்டு, ஒரு சின்ன டின்னில் இரண்டு துண்டு தொதல் வைத்து என் கையில் தந்தாள். இத்தோடு அதையும் ஆள் மூலம் அனுப்புகிறேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "டீச்சர் ஒரு துண்டு சாப்பிட்டு எங்களப் பொருந்திக்கொள்ளச் சொல்லுங்க. கோவத்தோட விட வேணாம் எண்டு சொல்லுங்க."

சாப்பிடுங்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சாப்பிடாதீர்கள் என்று சொல்லவும் வரவில்லை. நாளை மறுநாள் உங்கள் நத்தார்ப் பெருநாள் நல்லபடியாக நடக்கட்டும்.

மீரா சாஹிப்


வெள்ளவத்தை,
27 டிசம்பர் 1943

திரு. மீரா சாஹிப் அவர்களுக்கு,

டின் கிடைத்தது. திறக்கவில்லை. கீழே எழுதியிருப்பது உங்கள் மனைவிக்கு. நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டாம். சொற்களைச் சுற்றி வளைத்து மெத்தென்று ஆக்கிவிடுவீர்கள். ரபீக்கா வாசிக்கட்டும்.

அன்புள்ள பலீலா,

உங்கள் பலகாரத்தை நான் திருப்பியது உங்களை அவமதிக்க அல்ல. உங்கள் மேல் எனக்கு இப்போது கோபமும் இல்லை. அந்தச் சிலேட்டுக் கதையை உங்கள் கணவர் எழுதிய பிறகு, கிறிஸ்மஸ் அன்றைக்கு ஆராதனையில் இருக்கும்போதும் எனக்கு அதுதான் நினைவாக இருந்தது. வாசலில் நின்ற பிள்ளைக்கு யாராவது வந்து சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லியிருக்க வேண்டியவர்களில் உங்கள் டீச்சரம்மாவும் ஒருவர். அவ இனிப்பைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்துவிட்டா. நானும் இரண்டு தரம் அப்படி இருந்தவள்.

ரோட்டைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. நானும் ரயிலிலிருந்து இறங்கி அந்தப் பட்டாளத்துக்கு நடுவில் நடந்துதான் பாடசாலைக்கு வருகிறேன். பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அதற்கு உங்கள் கணவர் வழி சொல்ல வேண்டும். அது அவருடைய பாடு.

விடை கேட்கிறீர்கள். விடை கேட்க வேண்டியவர் நீங்கள் அல்ல. குர்ஆன் ஓதி முடித்த பிள்ளை, முடித்தேன் என்று தெரிந்துகொண்டுதானே தட்டத்தை ஏந்துகிறது? ரபீக்காவும் அப்படியே வரட்டும். ஜனவரி பத்தாம் திகதி காலை நான் வகுப்பில் இருப்பேன். இந்த டின்னும் என் மேசையில் இருக்கும். அவள் என் முன்னால் வந்து, "நான் படித்தது போதும் டீச்சர், எனக்கு விடை தாருங்கள்" என்று தன் வாயால் சொல்லட்டும். சொன்னால், அந்த இடத்திலேயே சாப்பிடுவேன். அவள் வாயிலும் வைப்பேன். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் அனுப்புவேன்.

அவள் சொல்லாதவரை நான் தொட மாட்டேன்.

அருள்நாயகி


கொட்டாஞ்சேனை,
8 ஜனவரி 1944

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

பதில் பிந்தியதற்குக் காரணம் நான். உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துக்கொண்டு பல நாள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மழை, வேலை, கூட்டம் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். மழை பெய்யவில்லை. புதன்கிழமை பலீலாவே, "டீச்சர் ஒண்டும் எழுதல்லயா?" என்று கேட்டாள். அவள் முகத்துக்கு நேரே பொய் சொல்ல முடியவில்லை. எழுந்துபோய் எடுத்து வந்தேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மூன்று பேரும் பாயில் உட்கார்ந்தோம். பலீலா கையில் கீரை வைத்திருந்தாள். ரபீக்கா வாசித்தாள். நன்றாக வாசிப்பாள், டீச்சர். யுத்தச் செய்தியை எனக்குப் பத்திரிகையிலிருந்து வாசித்துச் சொல்வதே அவள்தான். ஜெர்மன்காரன் ஊர்ப் பேரெல்லாம் அவள் வாயில் தடுக்காது.

சிலேட்டு என்ற இடம் வந்தபோது ரபீக்கா நிமிர்ந்து உம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கதை தெரியாது. பலீலா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாசி" என்றாள்.

வாசித்தாள். ஜனவரி பத்தாம் திகதி, டின், மேசை எல்லாம் வந்தது. "அவள் என் முன்னால் வந்து" என்று வாசித்தாள். நின்றுவிட்டாள்.

"வாசி மகள்."

கடிதத்தை இன்னும் கிட்டப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன? வாசி."

"இந்த எடம் எனக்கு வாசிக்கத் தெரியா உம்மா."

நான் பக்கத்தில் இருந்தேன். எட்டிப் பார்த்தேன். உங்கள் எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஐந்தாம் வகுப்புக்காரன் எனக்கே ஒரு தடங்கலும் இல்லாமல் தெரிந்தது. நான் வாசிக்கட்டுமா என்று கேட்க வாயைத் திறந்தேன். பலீலா கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

கீரையைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். கடிதத்தை ரபீக்காவிடமிருந்து வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பார்த்தாள். எட்டு வயதில் படித்ததில் என்ன மிச்சம் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துக்கொண்டு போனாள். ரபீக்கா தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். அவள் மடியில் கண்ணீர் விழுந்தது. சத்தம் இல்லை.

"இவ்வளவு லேசான எழுத்து வாசிக்கத் தெரியாட்டி" என்றாள் பலீலா, "இவள் இன்னம் படிச்சி முடிக்கல்லதானே."

கடிதத்தை மடித்துப் பாயில் வைத்தாள்.

"முடிக்காத பிள்ளைக்குத் தட்டம் அனுப்பின என்ட பிழை" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ரபீக்காட வாப்பா, நீங்க சொல்லுங்க. பகிடி வேணாம். ரோட்டுக்கு என்ன செய்யப்போறீங்க?"

சொன்னேன், டீச்சர். எவ்வளவு சின்ன விஷயம்! இத்தனை நாளும் என் நாக்குக்கு அடியில் கிடந்திருக்கிறது. காலையில் நானே கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டுத்தான் கடை திறப்பேன். பாடசாலை விடும் நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு வந்து நிற்பேன். குடை அவசரமானவர்கள் நனையட்டும். ஊர்ப் பெண்கள் கேட்டால், "அவட வாப்பாக்கிட்டக் கேளுங்க" என்று பலீலா சொல்லட்டும். நான் பதில் சொல்கிறேன்.

பலீலா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனாள். நான் நினைத்தேன், அவ்வளவுதான் என்று. திரும்பி வரும்போது குசினியில் தான் உட்காரும் முக்காலியைக் கொண்டுவந்து ரபீக்காவின் முன்னால் வைத்தாள். "இதில குந்திப் பாரு, உசரம் சரியா எண்டு" என்றாள். இனி அவள் தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவ வேண்டும். நான் வேறொன்று செய்து தருகிறேன் என்றேன். "நீங்க செஞ்சா அது குடை மாதிரி மடங்கும்" என்றாள். பல நாளைக்குப் பிறகு வீட்டில் ஒரு பகிடி, அதுவும் என்னுடையதல்ல.

தொதலை மேசையில் வைத்திருக்க வேண்டாம். நாள் போனால் பூஞ்சணம் பிடிக்கும். உங்கள் அக்காவிடம் கொடுங்கள். அவவிடம் எங்களுக்கு விடை ஒன்றும் பாக்கியில்லை. எங்கள் வீட்டுப் பலகாரம் எப்படி என்று அவவாவது சொல்லட்டும்.

தலைமை ஆசிரியை அவர்கள் கேட்ட வசனம் கீழே இருக்கிறது. அதற்கு அடியில் இரண்டாவதாக இருக்கும் கையெழுத்தை அவர்கள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் வைத்து முடித்ததும் பேனாவைத் தாங்க என்று கை நீட்டினாள். எழுதி முடிக்க வெகுநேரம் எடுத்தாள். கோணலாக இருப்பதைத் தலைமை ஆசிரியை அவர்கள் மன்னிக்க வேண்டும். நான் எழுதிக் கொடுத்துப் பார்த்தெழுதியது அல்ல என்பதை மட்டும் தாங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

என் மகள் ரபீக்காவை எஸ்.எஸ்.ஸி. சோதனை எழுதும் வரையில் பாடசாலைக்கு அனுப்புவேன். நடுவில் நிறுத்த மாட்டேன்.

மீரா சாஹிப்
பலீலா